டேம்பிங் ஒட்டியும் பின்சீட்டு இரைச்சல் போகலையா? சிக்கல் சதுர அடிக் கணக்கில்!

80 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு சின்ன காரில், ஓட்டுபவர் பின்சீட்டைப் பார்த்து ஏதாவது கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் "என்ன?" என்பதுதான். இரண்டாவது முறை கொஞ்சம் கத்திக் கேட்க வேண்டும். மூன்றாவது முறைக்குள் பேச்சே செத்துவிடும். சென்னையில் கிளம்பிய கார் விழுப்புரம் தாண்டுவதற்குள் பின்னால் இருக்கும் அப்பா, அம்மா தூங்கிவிட்டதாக முன்னால் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அவர்கள் தூங்குவதில்லை. கத்திப் பேச அலுத்துப்போய் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இதற்கு கார் அக்சஸரீஸ் கடைகளில் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "ஃபுல் டேம்பிங் போட்டுடலாம் சார்." ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசின் மாதிரி ஒட்டும் கறுப்பு ரப்பர். கதவு, தரை, டிக்கி என்று கண்ணில் படும் தகரத்தில் எல்லாம் இந்த ஷீட்டை ஒட்டுவார்கள். விலை சதுர அடிக் கணக்கு. முழு கார் பேக்கேஜ் என்றால் பேச்சு ஐந்து இலக்கத்தில்தான். வண்டியை வெளியே எடுத்த அன்று அமைதியாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு வாரம் கழித்து பின்சீட்டிலிருந்து மறுபடியும் "என்ன?"

ஷீட் ஏமாற்று வேலை இல்லை. அது செய்யும் வேலை ஒன்று, அதனிடம் எதிர்பார்க்கப்படும் வேலை வேறொன்று. அங்கேதான் காசு வீணாகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. பட்ஜெட் குறைவு என்றால் முதலில் ஷீட் ஒட்டப்படுவது முன்கதவுகளில். ஸ்பீக்கர் நன்றாகப் பாடும் என்பது காரணம். காசு கொடுப்பவர் முன்சீட்டில் உட்காருகிறார், அவர் காதுக்கு எது கேட்கிறதோ அதற்குத்தான் வைத்தியம். சத்தம் அதிகம் கேட்கும் இடத்தில் உட்காருபவரிடம் யாரும் கேட்பதில்லை.

பின்பக்கம் மட்டும் ஏன் இப்படி?

ஹேட்ச்பேக், எஸ்யூவி இரண்டிலும் டிக்கியும் கேபினும் ஒரே அறை. முன்னால், என்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவே ஃபயர்வால் என்ற தடுப்பு இருக்கிறது. அதன்மேல் கனமான இன்சுலேஷனை கம்பெனியே போட்டுத் தருகிறது. பின்னால் அந்த மரியாதை கிடையாது. சக்கரத்துக்கும் காதுக்கும் நடுவில் இருப்பது 1 மி.மீ.கூட தேறாத வீல் ஆர்ச் தகடு, கொஞ்சம் ஃபெல்ட், அதை மூடும் பிளாஸ்டிக் டிரிம். அவ்வளவுதான். பல பட்ஜெட் கார்களில் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனர்கூட பின்சக்கரத்துக்கு இருக்காது. மணலும் ஜல்லியும் நேராகத் தகரத்தில் அடிக்கும். மழையில் ஓட்டினால் 'சர்ர்ர்' என்று தண்ணீர் பீய்ச்சுவது பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்குப் பக்கத்திலேயே கேட்கும்.

டிக்கி தரையைத் தூக்கினால் ஸ்டெப்னிக் குழி. அண்டா மாதிரி ஒரு பெரிய தகரப் பாத்திரம், உள்ளே டயர் இருந்தாலும் ஓரமெல்லாம் காலி. அதற்குப் பின்னால் டெயில்கேட். மேலே கீல், கீழே ஒரு பூட்டு, சுற்றிலும் ரப்பர் பீடிங் என்று தொங்கும் அகலமான தட்டு. மோசமான சாலையில் இது தவில் தோல் மாதிரி அதிரும். காதை அடைப்பதுபோல 'கும்'மென்று ஒரு அழுத்தம் வருகிறதே, அதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. செடான்களில் சீட்டின் முதுகும் பார்சல் டிரேயும் ஓரளவு தடுப்பதால் பிரச்னை கொஞ்சம் குறைவு.

வரிக் கணக்குக்கும் இதில் ஒரு கை இருக்கிறது. 4 மீட்டருக்குள் இருக்கும் சின்ன கார்களுக்கு இந்தியாவில் 2006-ம் ஆண்டிலிருந்தே வரிச் சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள்ளும் 1,200 சிசிக்குள்ளும் இருக்கும் பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம். கம்பெனிகள் நீளத்தை எங்கே குறைக்கும்? பின்னால்தான். டிக்கி குறுகிப்போய், பின்சீட்டு கிட்டத்தட்ட வீல் ஆர்ச்சின் மடியில் வந்து உட்காருகிறது.

எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. என்ஜின் சத்தம் போனதும், அது இதுவரை மறைத்துவைத்திருந்த டயர் இரைச்சல் துல்லியமாகக் கேட்க ஆரம்பித்துவிடும்.

தட்டினால் 'டங்', ஒட்டினால் 'டொக்'

கடைகளில் ஒரு டெமோ உண்டு. வெறும் தகரத்தை விரல் முட்டியால் தட்டுவார்கள்: 'டங்ங்'. ஷீட் ஒட்டிய இடத்தைத் தட்டுவார்கள்: 'டொக்'. பார்ப்பவருக்கு அங்கேயே திருப்தி, பர்ஸ் திறந்துவிடும். இந்த டெமோ பொய் இல்லை. ஆனால் அது காட்டுவது ஒன்றே ஒன்றைத்தான்: தகரம் இனிமேல் மணி மாதிரி அதிராது. 80 கி.மீ. வேகத்தில் டயர் போடும் இரைச்சல் உள்ளே வருமா வராதா என்பதற்கு அதில் பதிலே இல்லை.

ஷீட்டில் இருப்பது பியூட்டைல் ரப்பர், சைக்கிள் டியூப் செய்யும் அதே குடும்பம். தகடு அதிரும்போது அதற்கும் மேலே இருக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவில் ரப்பர் மாட்டிக்கொண்டு இழுபடும். அந்த இழுபறியில் அதிர்வு வெப்பமாக மாறி அடங்கிவிடும். இந்த வேலைக்குத் தகரம் முழுக்க ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தட்டையான பரப்பில் கால்வாசியிலிருந்து பாதிவரை, நடுப்பகுதியில் ஒட்டினாலே பெரும்பங்கு பலன் கிடைத்துவிடும். மீதியையும் மூடுவதால் கிடைப்பது கொசுறு. சதுர அடிக்குக் காசு வாங்கும் கடை இதைச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

காற்றில் வரும் சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. அதற்கு எடை வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. தடுப்பின் எடை இரண்டு மடங்கானால் அதைத் தாண்டி வரும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலின் அடிப்படைக் கணக்கு. 0.8 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோ சொச்சம். மாஸ் லோடட் வினைல் எனப்படும் கனமான விரிப்பு சுமார் 5 கிலோ. அதைத் தரையில் விரித்தால் கிட்டத்தட்ட எடை இரட்டிப்பு. ஆனால் விரிப்பைத் தகரத்தோடு ஒட்டவைக்கக் கூடாது. நடுவில் ஒரு மெல்லிய ஃபோம் இருந்தால்தான் தகரத்தின் அதிர்வு விரிப்புக்கு ஏறாது.

ஓட்டைதான் இதில் வில்லன். ஒரு தடுப்பின் பரப்பில் வெறும் 1 சதவீதம் திறந்திருந்தால் போதும், மீதி 99 சதவீதத்தை எதைக் கொண்டு மூடினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. டிக்கி தரையை அடைத்துவிட்டு வீல் ஆர்ச்சை அப்படியே விட்டால் நடப்பது இதுதான். வாசல் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைத்தால் கொசு வராமல் இருக்குமா?

மூன்றாவது, உள்ளே வந்துவிட்ட சத்தத்தை உறிஞ்சுவது. பஞ்சு, ஃபெல்ட், காற்று புகக்கூடிய ஃபோம் எல்லாம் இதற்கு. டிக்கியின் பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் இவை நன்றாக வேலை செய்யும், ஆனால் 'ஸ்ஸ்' என்ற மேல்ஸ்தாயி இரைச்சலுக்கு மட்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். அதை 10 மி.மீ. ஃபோம் என்ன செய்துவிடும்? இன்னொன்று: கடைகளில் 'இன்சுலேஷன் ஃபோம்' என்று விற்கும் வழவழப்பான கறுப்பு ஃபோம் பெரும்பாலும் காற்றுப் புகாத வகை. வெப்பத்துக்கு நல்லது, லொடலொட சத்தத்துக்கு இடையில் மெத்தையாகவும் உதவும். சத்தத்தை உறிஞ்சாது.

போனில் பார்த்தால் குறையவே இல்லையே?

டெசிபல் கணக்கு மனதைக் கஷ்டப்படுத்தும் கணக்கு. கேபினுக்குள் வரும் ஒலி ஆற்றலில் சரிபாதி பின்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதியை மந்திரம் போட்டு முழுசாக அழித்துவிட்டாலும் மொத்தத்தில் குறைவது 3 டெசிபல்தான். சத்தம் பாதியாகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். டிக்கிக்கு மட்டும் ஷீட் ஒட்டி "சத்தம் பாதியாகும்" என்று உறுதி கொடுப்பவரிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

அதற்காக 3 டெசிபல் அற்பம் என்றும் ஒதுக்கிவிட முடியாது. இரைச்சலில் முதலில் தொலைவது க, ச, ப, த மாதிரியான மெய்யெழுத்துகள். வயதானவர்களுக்கு மேல்ஸ்தாயி ஏற்கெனவே மங்கியிருக்கும் என்பதால், அவர்கள் காதில் சத்தம் விழும், சொல் விழாது. அந்த எல்லையில் இருப்பவருக்குச் சில டெசிபல்தான் பேச்சு புரிவதற்கும் புரியாததற்கும் இடையே இருக்கும் வித்தியாசம்.

போன் ஆப் வைத்து அளக்கிறார்கள் பலர். ஒரே போன், ஒரே இடம், ஒரே சாலை, ஒரே வேகம் என்றால் முன்பின் ஒப்பிட அது போதும். ஆனால் பெரும்பாலான ஆப்கள் மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்ப எண்ணைத் திருத்தித்தான் காட்டும். அந்தத் திருத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மட்டும் சுமார் 30 டெசிபல் கழிந்துவிடும். டெயில்கேட்டின் 'கும்' அழுத்தம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. தலை வலிக்கவைக்கும் அதிர்வு அடங்கிய பிறகும் ஆப்பில் எண் அசையாமல் இருக்கலாம். அங்கே பின்சீட்டில் இருப்பவரின் வார்த்தையை நம்புவதுதான் சரி.

மூடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய சத்தங்கள்

இந்த விஷயத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. சத்தம் என்பது சில நேரம் நோயின் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போடுவதுபோல, வண்டியின் சத்தத்தையும் காரணம் பார்க்காமல் மூடிவிடலாம்.

பின் வீல் பேரிங் தேய ஆரம்பித்தால் 'ஊ...ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். வேகம் கூடக் கூடக் கூடும். டயர் சத்தம் மாதிரியே இருக்கும். வளைவில் திரும்பும்போது கூடியோ குறைந்தோ மாறினால் பேரிங் மீது சந்தேகம் வர வேண்டும். ஷாக் அப்சார்பர் சோர்ந்துபோனால் டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்து 'தடதட' என்று சத்தமிடும். டயரின் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாலே அந்த மேடு பள்ளம் தெரியும். இந்த இரண்டையும் ஷீட் போட்டு அடக்குவது, கெட்டுப்போன பேரிங்கோடு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுவதற்குத் தைரியம் கொடுப்பதுதான்.

அதைவிட ஆபத்து சைலன்சர் கசிவு. பின்பக்கம் திடீரென்று 'டபடப' என்று சத்தம் கூடி, டெயில்கேட் ரப்பரும் நைந்திருந்தால், உள்ளே வருவது சத்தம் மட்டுமல்ல. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் புகை அங்கேயே சுழலும். இடுக்கு கிடைத்தால் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சத்தம்தான் அங்கே கிடைக்கும் ஒரே எச்சரிக்கை.

எனவே முதல் செலவு மெக்கானிக்குக்கு. அடுத்தது செலவே இல்லாத வேலைகள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள டயர் பிரஷர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் "35 போடு" என்று பழக்கத்தில் சொல்வது பல கார்களுக்கு அதிகம். ஜாக்கி, ஸ்பேனர், பார்சல் டிரே, யாரும் போடாத சீட் பெல்ட்டின் கொக்கி என எல்லாவற்றையும் வெளியே எடுத்தோ, துணி சுற்றியோ ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் பாதி 'லொடலொட' காணாமல் போகும். டெயில்கேட்டில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, உருவிப் பார்க்கலாம். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டும்போது சத்தம் குறைந்தால் குற்றவாளி பீடிங்தான். தகரத்தைப் பழி சொல்ல வேண்டாம்.

மீதி சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் வழி உண்டு. காலியான, நேரான சாலை. இன்னொருவர் ஓட்ட, சத்தத்தால் அவதிப்படுபவர் பின்னால் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். தார் சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தம் மாறினால் டயர். வேகம் மாறாமல் கியர் மாற்றும்போது மாறினால் என்ஜின் அல்லது சைலன்சர். பிறகு வீட்டில் இருக்கும் கனமான ஜமுக்காளம், கம்பளி எல்லாவற்றையும் ஸ்டெப்னிக் குழியிலும் வீல் ஆர்ச் மேலும் அடைத்து அதே சாலையில் போய்ப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்தான். ஆனால் எங்கே செலவு செய்தால் பலன் கிடைக்கும் என்பதை எந்தக் கடை டெமோவையும்விட இது தெளிவாகச் சொல்லும்.

டயர் தேய்ந்து மாற்றும் நேரம் நெருங்கிவிட்டதா? அப்படியானால் ஷீட்டை ஒத்திப்போட்டு முதலில் டயரை மாற்றுவது புத்திசாலித்தனம். சுமார் 50 கி.மீ. வேகத்துக்கு மேல், சீராகப் போகும் காரில் டயர்தான் பிரதான சத்தம். ஐரோப்பாவில் 2012 முதல் டயர் லேபிளிலேயே டெசிபல் அச்சிட வேண்டும். அது வெளியே கேட்கும் சத்தத்துக்கான எண் என்றாலும், வாங்குபவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

ஒட்டுவது என்று முடிவானால்...

வரிசை முக்கியம்: முதலில் பின் வீல் ஆர்ச், பிறகு ஸ்டெப்னிக் குழி, பின்சீட்டுக்குக் கீழே உள்ள தரை, கடைசியில் டெயில்கேட். வீல் ஆர்ச்சுக்கு உள்ளே ஷீட்டும் விரிப்பும், வெளியே சக்கரப் பக்கம் ஃபெல்ட் லைனர் கிடைத்தால் அதுவும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோவையொட்டி வரும். டெயில்கேட்டில் அளவில்லாமல் ஒட்டினால், அதைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் தளர்ந்து கதவு தலையில் இறங்கும்.

தொடவே கூடாத இடங்கள் சில உண்டு. பின் பம்பருக்குப் பின்னால், டிக்கியின் ஓரத்தில் ரப்பர் மடல் வைத்த ஒரு வென்ட் இருக்கும். கேபின் காற்று வெளியேறும் வழி அது. சத்தமும் அதன் வழியாக வரும் என்பதால் சிலர் அடைத்துவிடுகிறார்கள். பிறகு கதவு சரியாக மூடாது, ஏசி காற்றும் ஒழுங்காகச் சுற்றாது. டெயில்கேட், கதவுகளின் அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டைகளை மூடினால் துரு நிச்சயம். கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் தூண்கள், சீட் பெல்ட் சுருளும் இடம், பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மூடி, சிஎன்ஜி சிலிண்டரின் வால்வும் காற்றுக் குழாயும், சில ஹைப்ரிட் கார்களில் பேட்டரிக்குக் காற்று போகும் வென்ட்: இவற்றின் பக்கமே போகக் கூடாது.

விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால் அது பியூட்டைலாக இருக்காது, தார் ஷீட்டாக இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது இளகி, நாறி, டிரிம்முக்குள் வழியும். தீப்பிடிக்கும் தன்மையையும் கேட்க வேண்டும். கார் உள்பகுதிப் பொருட்களுக்கு ஐஎஸ் 15061 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. கம்பெனி போட்ட பொருள் அதைத் தாண்டி வந்தது. மெத்தைக் கடை ஃபோமுக்கு அந்தச் சான்றிதழ் இருக்க வாய்ப்பில்லை. டிரிம்மைக் கழற்றும்போது உடையும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குப் பதில் புதுசு போடுவார்களா என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சத்தம் குறைக்கப் போய் புதிதாக நாலு இடத்தில் 'கிரீச்' வாங்கி வந்தவர்கள் நிறைய.

இவ்வளவையும் கார் வாங்கியவர் தலையில் கட்டுவது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. மைலேஜ், பவர், டிக்கி எத்தனை லிட்டர் என்று பிரவுச்சரில் பக்கம் பக்கமாகப் போடும் கம்பெனிகள், பின்சீட்டில் எத்தனை டெசிபல் என்பதைப் பொதுவாகச் சொல்வதில்லை. அளக்கும் வசதி அவர்களிடம் தாராளமாக இருக்கிறது. சாலைக்குச் சாலை சத்தம் மாறும் என்று பதில் வரலாம். மைலேஜும்தான் மாறும், அதற்கு ஒரே மாதிரி சோதனை வைத்து எண் கொடுக்கவில்லையா? ஒரே பாதை, 80 கி.மீ. வேகம், பின்சீட்டில் ஒரு மைக். அந்த எண் பிரவுச்சரில் வந்துவிட்டால், வீல் ஆர்ச்சுக்கு ஃபெல்ட் லைனர் போடுவதில் கம்பெனிகளுக்குள் போட்டி தானாக வரும்.

அது வரும்வரை, டெஸ்ட் டிரைவ் போகும் நாளில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கேட்கலாம். ஷோரூமைச் சுற்றி 40-ல் ஒரு ரவுண்டு போதாது. பைபாஸ்வரை போக வேண்டும் என்று அடம்பிடிக்கலாம், தப்பில்லை.

ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்களுக்கு ஒரு வேலை பாக்கி. முதல் பெரிய மழை முடிந்ததும் டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிக் குழியைக் கையால் தொட்டுப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் நின்ற கார்களின் உரிமையாளர்களுக்கு இது புரியும்: ஃபெல்ட்டும் பஞ்சும் குடித்த தண்ணீர் மேலே காய்ந்ததுபோல் தெரியும், அடியில் வாரக்கணக்கில் நிற்கும். ஈரம் இருந்தால் விரிப்பு, பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, தகரம் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப வைக்க வேண்டும்.